நேவாவுக்கு மண்ணுக்குள் தெரியும்

முதலாம் பாகம், மூன்றாம் அத்தியாயத்திலேயே
காட்டிவிட்டார்கள்:
நேவா கண்ணை மூடினால்
மண் கண்ணாடியாகும்.
ஏழு முழத்துக்குக் கீழே கிடந்த
கப்டனின் மகளுடைய மோதிரத்தை
அப்படித்தான் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது நான்காம் பாகம்.
ஒரு செம்மண் கிரகம். புதைத்துவைத்த வெடிகள்.
ஒருவர் பின் ஒருவராய் இறங்கி நடக்கிறார்கள்.
நேவாவும் நடக்கிறாள்,
கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு.

"மூடடி கண்ணை!"
துளசிகா கத்துகிறாள், வாய்க்குள் பாதிப் பாணோடு.

அம்பகாமத்துக் காட்டோரம். பத்து நிமிச ஓய்வு.
தறப்பாள் நிழலில் ஆறு பேருக்கு ஒரு போன்,
தண்ணிப் போத்தலில் சாய்த்து வைத்திருக்கிறோம்.
முகக்கவசங்கள் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கின்றன.
வேற்றுக்கிரகத்தார் சென்னைத் தமிழ் கதைக்கிறார்கள்;
அதை நாங்கள் மன்னித்து இரண்டு பாகம் ஆகிறது.
இதை மன்னிக்க ஏலாது.

முதலில் செத்தது அந்தச் சமையல்காரப் பெடியன்.
பிறகு வைத்தியர்.
நேவா அழுதாள். வடிவாய் அழுதாள்.
கண்ணை மூடித்தான் அழுதாள்,
அப்போதும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எழுதினவன் மறந்துபோனான்" என்றாள் சுகிர்தா.
"மறக்கேல்லை" என்றாள் ஜெசிந்தா, எங்கள் குழுத்தலைவி.
"அவள் பாத்தால் ரெண்டு நிமிசத்தில கதை முடிஞ்சிடும்.
பிறகு என்னத்தைக் காட்டுறது?"

ரெண்டு நிமிசம்.
நான் கணக்குப் பார்த்தேன்.
எனக்கு ஒரு மீற்றர் அகல ஒழுங்கை.
முழங்காலில் நின்று, விரல்நீளம் விரல்நீளமாய்ச் சுரண்டி
நல்ல நாளில் பத்துச் சதுர மீற்றர்.
ஒரு மிதிவெடிக்கு முன்னால்
நூறு ஆணி, சன்னக் கோது, மீன்ரின் மூடி.
ஒருமுறை, யாரோ திரும்பி வந்து எடுக்கவென்று
சாக்குச் சுற்றிப் புதைத்த தையல் மெசின்.
ஊசி இன்னும் அதில் இருந்தது.
நேவாவுக்கு என்ன சம்பளமோ தெரியாது.
அவளின் கண்ணை எனக்குத் தந்தால்
இந்தக் காடு ஒரு மத்தியானம்.

துளசிகா மிச்சப் பாணைக் காகத்துக்கு எறிந்தாள்.
"மேலயும் கண் இருந்ததுதானே" என்றாள்.

எது என்று ஒருவரும் கேட்கவில்லை.
எனக்கு அப்போது ஒன்பது வயது.
தறப்பாளுக்கு மேலே இரவிரவாய் வண்டு சுற்றியது.
அதற்கும் மேலே, இன்னும் உயரத்தில்
கூடாரங்களை ஒவ்வொன்றாய் எண்ணக்கூடிய கண்கள்.
எண்ணினார்கள்.
படம் நல்ல தெளிவாம்.
பிறகு கண்ணைத் திறந்துகொண்டு
அவர்களும் நடந்துபோனார்கள்,
அடுத்த அத்தியாயத்துக்கு.

விசில்.
ஜெசிந்தா போனை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள்,
ஒழுங்கைக்குள் போன் கொண்டுபோகக்கூடாது.
நேவா அதே இடத்தில் நிற்கிறாள்,
ஒரு கால் தூக்கியபடி.

கவசத்தை இறக்கினேன். மூச்சில் கண்ணாடி புகைத்தது.
இடப்பக்கம், தடியிலிருந்து அரைச்சாண் தள்ளி,
கருவி கீச்சிட்டது.
முழங்காலில் நின்றேன். சுரண்டியை எடுக்கமுன்
ஒருதரம், சும்மா,
கண்ணை மூடிப் பார்த்தேன்.

இருட்டு. வியர்வை.
இருபத்தைந்து மீற்றருக்கு அங்கால்
துளசிகா இன்னும் அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.