ஈய எழுத்துகள்

மீன் ஆற்றுக்கு மேற்கே, கல்லறைத் தோட்டத்தின் கோடியில்
பதினோரு சிப்பாய்களுக்கு ஒரே தூண்.
காணாமல் போன எழுத்துகளை எண்ணி வா
என்று நகராட்சி என்னை அனுப்பியது.

பெயர்களைக் கல்லில் வெட்டவில்லை,
ஈயத்தில் வார்த்துப் பதித்திருந்தார்கள்.
கத்திமுனையால் நெம்பியவன்
முதலில் ஹார்க்னஸின் தலையெழுத்தை எடுத்திருக்கிறான்.
அப்புறம் முரசடித்த பையன் பெடோ.
அவனுக்கு வயது மட்டும் மிச்சம்:
பதினைந்து.
'எல்லை காத்து வீழ்ந்தோர்' என்ற வரியில்
எல்லையைக் காணோம்.

எதிரே நின்று விழுந்தவர்களுக்குத் தூண் இல்லை,
அதனால் களவும் இல்லை.
நம் ஆட்கள் எங்கே என்று கேட்டால்
அம்மா மலைப்பக்கம் பொத்தாம்பொதுவாகக் கை காட்டுவாள்.

திருடன் யாரென்று ஊருக்கே தெரியும்.
பாலத்தடியில் தூண்டில் போடும் ஃபுண்டிலே.
பெயருக்குப் பொருள் படித்தவன். படிக்கத் தெரியாது.
கனம் பார்த்துத்தான் எழுத்தைத் தேர்ந்தானாம்.
மத்தி டப்பாவில் உருக்கினால்
ஆறு எழுத்துக்கு ஒரு குண்டு.
"ஈயம் குண்டாவது இன்று நேற்றா?" என்றான்
தூண்டிலை வீசியபடி.
எந்தக் கரையில் நின்று எறிந்தாலும்
அது நடு ஆற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அறிக்கையில் எழுதினேன்:
நாற்பத்து மூன்று எழுத்துகள் குறைவு.
துளைகள் அப்படியே உள்ளன.
விரலால் தடவினால் பெடோ என்று வருகிறது.

கிளம்பும்போது ஒரு கெளுத்தி கொடுத்தான்,
செய்தித்தாளில் சுற்றி, இன்னும் துடித்தபடி.
வாங்கிக்கொண்டேன்.
அதை எழுதவில்லை.