கீழ்வீட்டின் கூரை

ரெலாவ், எட்டாவது மாடி.
இரவு ஷிப்ட் முடிந்து
தொழிற்சாலைப் பேருந்து கொண்டுவந்து விட்டபின்
காலை ஏழரைக்கு நான் குதிக்கிறேன்.

மேலே போக அல்ல.
கீழே வர.
முழங்கால் உயரத்தில் ஒரு மரப்பெட்டி.
அதன் விளிம்பில் நின்று
காற்றில் ஒரு காலை வைத்து
மற்றதையும் கூட்டிக்கொண்டு
தரைக்கு வருவது.
பத்து தடவை. ஓய்வு. மறுபடியும் பத்து.

டொக் டொக் டொக்.
கீழ்வீட்டு மிஸ்டர் ஊய்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார்.
என் தரைதான் அவருக்குக் கூரை.

ஜனவரியில், பட்டர்வொர்த் அணிக்கு எதிரே,
வலைக்கு மேல் இரண்டு கையும் நீட்டித் தடுத்தேன்.
பந்து அந்தப் பக்கமே விழுந்தது. கைதட்டினார்கள்.
நான் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.
இடது முழங்கால் உள்பக்கமாய்ச் சரிந்தது
காற்றில் திரும்பிக்கொண்ட குடை மாதிரி.

எவ்வளவு உயரம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.
மண்டபச் சுவரில் சாக்பீஸ் கோடுகள் இருக்கின்றன:
ஃபூய் யீ, நஸீரா, தமயந்தி, நான்.
இறங்கியதற்குக் கோடு கிடையாது.

செவ்வாயும் வியாழனும் தோளில் இரும்பு.
ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது கிலோ.
உட்காருகிறேன், எழுகிறேன்.
பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஓர் அண்ணன்:
"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்ளோ தொடை?"
அவருக்கோ
கோழிக்கால் மேல் ஏற்றிவைத்த அலமாரி உடம்பு.
சிரித்த சிரிப்பில் தமயந்தி
எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

மிஸ்டர் ஊய்தான் என் அளவுகோல்.
ஏப்ரலில் பத்துக்குப் பத்தும் இடித்தார்.
மே மாதம் ஆறு.
முன்பாதம் முதலில், குதிகால் பிறகு,
இடுப்பு பின்னால் உட்கார,
முட்டி கால்விரலைப் பார்க்க,
பின்தொடை பிடித்துக்கொள்ள.
டுரியான் வந்த வாரம் இரண்டு.
அப்புறம் ஒரு நாள்
இருபதும் முடித்து நின்றேன்.
வியர்வை சொட்டியதுதான் கேட்டது.

லிப்டில் பார்த்தேன்.
கையில் கொய்தியாவ் பொட்டலம்.
மலாயில் கேட்டார்:
மேல்வீட்டுப் பெண் வீடு மாறிவிட்டாளா?
உடம்புக்கு ஏதுமா?
நான்தான் அது, என்றேன். இன்னும் குதிக்கிறேன்.
என் கால்களைப் பார்த்தார்,
தப்பாக இல்லை,
பழுது பார்த்துத் திரும்பி வந்த மோட்டாரைப் பார்ப்பதுபோல.
ஏழாவது மாடியில் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சனிக்கிழமை தோற்றோம், கடைசி செட்டில், இரண்டு புள்ளியில்.
முப்பத்தோரு தடவை மேலே போனேன்.
முப்பத்தோரு தடவையும் வந்து சேர்ந்தேன்.
முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிறு காலை
பெட்டிமேல் ஏறி நின்று,
கற்றதையெல்லாம் ஓரமாய் வைத்துவிட்டு,
வேண்டுமென்றே
குதிகாலால், ஒரே தடவை,
தொம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கீழேயிருந்து
ஒற்றை டொக்.