இரட்டை உப்பு

பீல் நகரில் மாலை ஆறுக்குமேல்
கடைக்காரப் பெண் செம்மஞ்சள் ஒட்டிகளோடு வருவாள்.
பாதி விலை என்று
இரண்டு மொழிகளில் எழுதியிருக்கும்.
இரண்டையும் நான் அரைகுறையாய்ப் படிப்பேன்.
பாதி மட்டும் தெளிவாய் விளங்கும்.

இன்றைக்குக் கிடைத்தது
நுனி வாடிய கீரை ஒரு பை,
பெட்டி நசுங்கிய ஆறு முட்டை,
நேற்றைய பாண்.
மொத்தம் நாலு பிராங்க் எழுபது.

இரவுச் சாப்பாடு ஏழு பிராங்குக்குள் என்பது
பெப்ரவரியில் நாம் போட்ட சட்டம்,
உன் தொழிற்சாலை வெள்ளிக்கிழமையைக் கழித்த வாரம்.
மிச்ச இரண்டு முப்பதை
ஜாம் போத்தலில் போட்டேன்.
அது எதற்கென்று நாம் இன்னும் பேசவில்லை.

நீ நாள் முழுதும்
மணிக்கூட்டு முகங்களில் முள் பொருத்துகிறாய்.
பலமாய் மூச்சுவிட்டால் முள் நகர்ந்துவிடும் என்பாய்.
நான் விடிய மூன்றுக்கு எழும்பிக்
கடிதம் பிரிக்கப் போகிறவன்,
எட்டரைக்குப் படுத்தாக வேண்டும்.
நீ வீட்டுக்கு வருவது ஏழு பத்துக்கு.
இடையில் கிடக்கிற ஒரு மணி இருபது நிமிடத்தில்
அடுப்புக்கு அதிகம் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே மைசூர்ப் பருப்பு.
ஊறவைக்க வேண்டாம், விசில் வேண்டாம்,
கோபமில்லாத பருப்பு அது,
பன்னிரண்டு நிமிடத்தில் இணங்கிவிடும்.
அரை வெங்காயம்.
மற்ற அரை நாளைக்கென்று
கிண்ணத்துக்குள் கவிழ்ந்து கிடக்கும்.
நம் குளிர்பெட்டியில் எதுவும் முழுதாய் இருந்ததில்லை:
அரைத் தேசிக்காய், அரைக் கோவா,
கால் டின் தேங்காய்ப்பால்.
அடுப்பை அணைத்த பின்னும்
தட்டில் ஐந்து நிமிடம் சூடு நிற்கும்.
அந்த ஐந்தில் கீரை வதங்குவது இலவசம்.

தொடக்கத்தில் எனக்கு
இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாது.
கற்றது லூசேர்னில் ஓர் உணவகத்தின் பின்கட்டில்,
நாற்பது தட்டுக்கு.
திங்கள் வைத்த பருப்பு
வியாழனும் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.
இப்போது அளவு தெரியும்:
நீல நிறத் தேநீர்க் கோப்பை,
அதன் காதுக்குச் சற்றுக் கீழே வரை.

உப்பைப் போட்டேன்.
போட்டுவிட்டு,
வரி கட்டி வாங்கிய குப்பைப் பையைத்
திணித்துத் திணித்துக் கட்டிக் கீழே கொண்டுபோனேன்.
வாசலில் ஏபிஷர் அம்மையார் மறித்து
சலவை அறைத் திறப்பைப் பற்றி
நாலு நிமிடம் சொன்னார்.
அதற்குள் நீ மேலே வந்து
ஜாக்கெட்டும் கழற்றாமல்
சட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாய்.

முதல் வாயில் இருவரும் ஒன்றாய் நிமிர்ந்தோம்.
"நீங்கள் உப்புப் போட்டனீங்களோ?"
"ஏன் தர்மினி, நீரும் போட்டனீரோ?"
"நீங்கள் எப்பவும் மறக்கிறனீங்கள்தானே."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இரண்டு பேரும் இட்டால்
யாரை யார் நினைக்கிறது? என்று கேட்டேன்.
வழக்கமாய் இதற்கு நீ சிரிப்பாய்.

தட்டைப் பார்த்தபடி சொன்னாய்,
"மேயிலிருந்து வியாழனும் இல்லையாம்."

கையில் பாண் துண்டு இருந்தது.
அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழும்பினேன்.
போட்ட உப்பை எடுக்க முடியாது,
மற்றதைக் கூட்டத்தான் முடியும்.
மூன்று உருளைக்கிழங்கு.
இன்னொரு கோப்பைப் பருப்பு, காதைத் தாண்டி.
நாளைய அரை வெங்காயம்.
நீ ஜாக்கெட்டை இப்போதுதான் கழற்றி
அடுப்படியில் என் பக்கத்தில் நின்று
முட்டைகளை ஒவ்வொன்றாய் உடைத்து ஊற்றினாய்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
தொழிற்சாலையில் செய்வதுபோல.

எட்டரை போனது. ஒன்பதும் போனது.
ஐந்தாறு பேருக்கான பருப்பில்
இரண்டு பேர் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.
உப்பு இன்னும் ஒரு சொட்டுக் கூடத்தான்.

சட்டி குளிர்பெட்டிக்குள் நுழையவில்லை.
ஏப்ரல் குளிர் போதுமென்று
பால்கனியில் வைத்தோம்,
மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து,
காற்று தட்டைத் தள்ளாமலிருக்க
அதன்மேல் ஜாம் போத்தலையும் வைத்து.