வில்லு வண்டிக்கு வெளியே

துட்டை அவுக கையில குடுக்காதீய அண்ணாச்சி.
அவுக குடம் அடிச்சாக, நல்லாத்தான் அடிச்சாக,
குடத்துக்கு உள்ள கூலிய நான் குடுத்துக்கிடுதேன்.
மூணு மணி வரைக்கும் வீசுகோல் பிடிச்சது இந்தக் கை.
இன்னும் நடுங்குது பாருங்க.
இதுல வைங்க.

நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கீய?
'செல்லக்கனி, க/பெ முத்துக்குட்டி, குழுவினர்.'
இது என்ன ரேஷன் கார்டா?
ஆம்பள பாடுனா அண்ணாவின்னு அச்சடிப்பீய,
எனக்கு அப்படி ஒரு வார்த்தை அச்சாபீஸ்ல இல்லையாம்.
சரி,
பேரை மட்டுமாவது தனியா விட்டிருக்கலாம்லா.

பேசுனது பன்னெண்டாயிரம். இது ஒம்பது.
பொம்பள வில்லுன்னு மூணைப் பிடிச்சிட்டீயளோ?
நடுச்சாமத்துல, இசக்கி
பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நியாயம் கேக்க எடத்துல,
முன்வரிசையில துண்டால கண்ணத் தொடச்சது நீங்கதான.
பார்த்துக்கிட்டுத்தான் பாடுனேன்.
அவ கேட்டா அழுதீய.
நான் கேக்கேன், வாட்ச்சைப் பாக்கீய.

போயிட்டு வாங்க, நிக்கேன்.

ரெண்டுதான் இருக்கு. இன்னும் ஆயிரம்?
அம்மனுக்கு வச்சுக்கிடவா?
அம்மனுக்கு நான் தனியா போட்டாச்சு அண்ணாச்சி,
உண்டியலுக்குத் தெரியும்.

வில்லு பதினோரு அடி, குட்டியானை ஏழு அடி.
மிச்சம் வெளிய நீட்டிக்கிட்டு வரும்.
நுனியில என் பழைய செவப்புச் சட்டையக் கிழிச்சுக் கட்டியிருக்கேன்,
பின்னால வார லாரிக்குத் தெரியணும்லா.
குடத்தைக் கட்டிப்பிடிச்சு உறங்குதாக அவுக.
உறங்கட்டும்.
மூணு வருசத்துக்கு முன்ன இதே வாய்தான் கேட்டுச்சு,
'நீ நடுவுல உக்காந்தா நான் எங்க உக்கார?'
பக்கத்துலதான்னேன்.
ஒரு மாசம் பேசல.
அப்புறம் வந்து உக்காந்தாக.

நாங்குநேரி டோல்கேட்டுல ஒரு பையன்
குனிஞ்சு குனிஞ்சு உள்ள பார்த்தான்.
'டிரைவர் எங்கக்கா?'
ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கது யாருன்னு பாருடேன்னேன்.
சில்லறை எண்ணும்போது ரெண்டு தடவ தப்புனான்.

வெளிச்சம் இன்னும் வரல.
வேகத்தடை ஏறி எறங்கும்போதெல்லாம்
பின்னால வில்லு மணி அம்புட்டும் ஒண்ணா குலுங்குது.
மொத்தம் பதினாறு.
ஒண்ணுக்கு மட்டும் நாக்கு விழுந்து கெடக்கு,
எனக்குக் கேக்கும் அந்தக் குறை.
நாளைக்கு மூலைக்கரைப்பட்டி.
அச்சாரம் என் நம்பருக்கே வந்தாச்சு.
போற வழியில
அந்த நாக்கை மாட்டிரணும்.