முட்டுக் கல்

தாண்டிக்குடிக்கு மேலே மூன்று கொண்டை ஊசி கடந்து
எஸ்டேட் வாசலில் ஜீப் நின்றதும்
காப்பித் தோல் புளித்த வாசம்தான்
முதலில் வந்து யாரென்று கேட்டது.

பல்ப்பர் பழையது. வார்ப்பிரும்பு.
நெற்றியில் ஏதோ சீமைக் கம்பெனியின் பெயர்,
கீழே 1912.
இப்போதும் நாளுக்கு நாலு டன் பழம் தின்கிறது.
பேரிங் பக்கம் லேசாக ஆட்டம்.
எண்ணெய் டின் தகரத்தை நாலாக மடித்து
அடியில் செருகினேன். நின்றது.
பில்லில் எழுத அதற்கொரு பெயர் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ரைட்டர் சவரிராயன் கேட்டார்,
'குள்ளர் வீடு பார்த்திருக்கீங்களா?'

பன்னிரண்டாம் நம்பர் காட்டில்
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடிகளுக்கு நடுவே
மூன்று பலகைக் கல் நிற்க
நாலாவது மேலே படுத்திருந்தது.
பக்கவாட்டில் நீலப் பெயிண்டில் 12-ஏ.
தோட்டக் கணக்கில் அது இருபது செடி நஷ்டம்.
உள்ளே
பழம் பறிப்பவர்களின் தூக்குவாளிகள்,
ஒரு ரெயின்கோட்டு, பாதி யூரியா மூட்டை.
'பங்களாவும் ஒழுகும், இது ஒழுகாது'
என்றாள் பஞ்சவர்ணம்.

யார் கட்டியது?
பாண்டவர் என்றாள் அவள்.
குள்ளர்தான் என்றார் சவரிராயன்,
மூன்றடி உயரமாம், வெயிலுக்குப் பயந்தவர்களாம்.
போன வருஷம் வந்த காலேஜ் பையன்கள்
இது வீடே இல்லை, செத்தவர்களுக்கு என்று சொல்லி
டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்களாம்.
'அப்ப சோறு வைக்கலாமா கூடாதா'
என்று இவள் கேட்டதற்குத்தான்
பதில் இல்லையாம்.

எனக்கு மூடிக்கல் மேலேதான் கண்.
இரண்டு டன்னுக்குக் குறையாது.
செயின் பிளாக் இல்லாமல் நான் தொடமாட்டேன்.
உருளைக் கட்டை, மண்மேடு, நாற்பது தோள் –
மனசுக்குள் தூக்கி இறக்கியபடி சுற்றி வந்தேன்.

மேற்கு மூலையில்
நிற்கிற கல்லுக்கும் மூடிக்கும் இடையே
உள்ளங்கை அளவு ஒரு சில்லு.
தானாக விழுந்ததில்லை.
மூன்று பக்கம் தட்டிச் சன்னமாக்கி
உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.
விரலால் அசைத்துப் பார்த்தேன்.
ம்ஹூம்.

எல்லாம் முடிந்து, அழுதவர்களும் அழுது முடித்து
சரிவில் இறங்கத் தொடங்கிய பிறகு
யாரோ ஒருத்தன் மட்டும் நின்று
கல்மேல் கைவைத்து அழுத்தியிருக்கிறான்.
'இரு. ஆடுது.'

மணியடித்தது.
பஞ்சவர்ணம் விரலில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக்
கல்லில் துடைத்துவிட்டுக் கூடையை எடுத்தாள்.
அந்த இடத்தில்
ஏற்கெனவே நிறைய வெள்ளைக் கோடுகள்.

சாயங்காலம் பல்ப்பரை ஓட்டிக் காட்டினேன்.
சிவப்புத் தோல் ஒரு பக்கம்,
வழவழத்த கொட்டை ஒரு பக்கம்.
மானேஜர் குனிந்து தகரத்தைப் பார்த்தார்,
எத்தனை நாள் தாங்கும் என்றார்.

அடுத்த சீசன் வரைக்கும் என்றேன்.
அதற்கு மேல் சொல்ல
அன்றைக்கு
வாய் வரவில்லை.