புதுவயல் மில்லில் ஒரு யெஸ்

கறுப்பரிசியைக் கண்டுபிடித்து
காற்றால் ஊதித் தள்ளும் மெஷினோடு
ஹெஃபெய் என்ற ஊரிலிருந்து வந்து இறங்கினார் ஃபெங்.
அவர் எழுதும் தினசரி ரிப்போர்ட்டைத் திருத்தி
கோயமுத்தூருக்கு அனுப்புவது
என் வேலையில் சேர்ந்தது.
சம்பளத்தில் சேரவில்லை.

நேற்று மெஷின் நிற்கிறது.
நேற்று நான் வால்வு மாற்றுகிறேன்.
த்ரீ பேக் வேஸ்ட்.
த்ரீ என்று சொன்ன பிறகும்
வாலில் எதற்கு ஒரு 'ஸ்' என்று கேட்டார்.
வெளியே அடைக்கலம்
மூணு மூட்டை ஏத்துடா என்று கத்திக்கொண்டிருந்தான்.
நான் ஒன்றும் சொல்லாமல் 'ஸ்' போட்டேன்.

அவர் மனைவி, 'ஹீ'.
ஹீ நர்ஸ். ஹீ நீளமான கூந்தல்.
போட்டோவைக் காட்டும்வரை
லோடுமேன்கள் வேறு கணக்கில் இருந்தார்கள்.

லைட்டைத் திற என்பார்.
நாங்கள் லைட்டைப் போடுகிறவர்கள்;
எங்கே போடுவது என்று அவர் கேட்டதில்லை.
காய்ச்சல், மருந்து சாப்பிட்டேன் என்று
ஒருநாள் எழுதியிருந்தார், இங்கிலீஷில்.
அதில் பிழை இருப்பது
என் கண்ணில் படவேயில்லை.
கோயமுத்தூரிலிருந்து அடிக்கோடு வந்தது.

மாசியில்தான் அது நடந்தது.
ஏற்காட்டில் படித்த சின்ன முதலாளி வயிரவன்
அழகான இங்கிலீஷில் கேட்டார்:
மெஷின் இன்னும் ரெடியாகவில்லையா?
யெஸ், என்றார் ஃபெங்.
வயிரவன் சுவிட்சைத் தட்டினார்.

ஆறு மூட்டை பொன்னி.
வெள்ளை, கறுப்பு, கல், தவிடு
எல்லாம் கூரைவரை போய்த் திரும்பின.
சின்ன முதலாளியின் சட்டைப் பையில்
ஒரு பிடி சோற்றுக்கு இருந்தது.
விளக்குமாறோடு வந்த ஆறு பேருக்கும்
விளக்கம் தேவைப்படவில்லை.
ஆமா, ஆகலைன்னு
சரியாத்தானே சொல்லியிருக்காரு.

அதன் பிறகு தினமும் பத்து நிமிஷம்,
டீ வரும் நேரத்தில், பழக்கினேன்.
ஆகவில்லையா? நோ, ஆகவில்லை.
சாப்பிடவில்லையா? நோ, சாப்பிடவில்லை.
நீ சொல்வது சரி என்று
ஒத்துக்கொள்ளும்போது
நோ எப்படிச் சொல்வது என்று
டம்ளரைப் பார்த்துக் கேட்டார்.
எனக்கும் தெரியாது.
பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன்.

காரைக்குடி ஸ்டேஷன், பல்லவன், இன்னும் விடியவில்லை.
கம்பெனி கார் டிரைவர் பெட்டியை ஏற்றிவிட்டு
பீடிக்கு ஒதுங்கினார்.
இனிமேல் வரமாட்டீர்களா?
இங்கிலீஷில்தான் கேட்டேன்.
யெஸ், என்றார்.
கடைசி 'ஸ்' முழுசாக, சுத்தமாக.

வண்டி தேவகோட்டை ரோடு பக்கம் போகிறதா
புதுக்கோட்டைப் பக்கம் போகிறதா என்றுகூட
ஒரு நிமிஷம் மறந்துவிட்டது.
கொண்டுவந்த யெஸ்ஸா,
நான் கொடுத்த யெஸ்ஸா.

மறுநாள் ரிப்போர்ட்டை நானே எழுதினேன்.
மெஷின் ஓடுகிறது. கறுப்பு, த்ரீ பேக்.
நேற்று மிஸ்டர் ஃபெங் போகிறார்.

கோயமுத்தூரிலிருந்து
இன்னும் அடிக்கோடு வரவில்லை.