முகடு

இரவு பதினொன்றே கால்.
நாகமலை புதுக்கோட்டையில் கரண்ட் போய்
யுபிஎஸ் கத்துகிறது.
இருபது நிமிடம் தாங்கும்.
நாலு லட்சம் மோதல் பாக்கி.

ஈயத்தோடு ஈயம்.
ஒளிக்கு ஒரு மயிரிழை பின்னால் ஓடி
முட்டிச் சிதறும் அணுக்கருக்கள்,
எங்கோ சுரங்கத்தில் அல்ல, என் நிரலுக்குள்.
சிதறியதை இரண்டிரண்டாய் எடுத்து
ஒவ்வொரு ஜோடியிடமும் கோணம் கேட்கிறேன்.

பிறகு ஒரு பிடிக்காத வேலை.
இந்த மோதலில் ஒன்று, வேறொன்றில் ஒன்று,
பார்த்தே இராத இரண்டை ஜோடியாக்குவது.
மாட்டுத்தாவணியில்
திருச்சி பஸ்ஸில் இறங்கியவரையும்
நெல்லை பஸ்ஸில் இறங்கியவரையும் நிறுத்தி
ஜாடை பார்ப்பது மாதிரி.
அந்தத் தற்செயலால் வகுத்தபின்
மிஞ்சுவதற்குத்தான் உறவு என்று பெயர்.

மிஞ்சியது ஒரே ஒரு மலை.
ஒத்தக்கடையில் திடுதிப்பென்று எழும்
யானைமலை போல.
பக்கத்துப் பக்கத்தில் பாய்ந்தவை.
சரி, அதை யாரும் எதிர்பார்ப்பார்கள்.

சோதனை தந்த படத்தில்
அதற்கு இருபுறமும் நீண்டு கிடக்கிறது ஒரு முகடு,
இந்த ஜன்னலுக்கு வெளியே
இருட்டிலும் தெரிகிற நாகமலை மாதிரியே.
வெகுதூரம் விலகிப்போனவையும்
ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன.
என் படத்தில் அது இல்லை.
மூன்று மாதமாக இல்லை.

"பிசுபிசுப்பைக் குறைங்க சார்,
தண்ணி மாதிரி ஓடட்டும்" என்கிறாள் ஃபாஸ்டினா.
"எதுவும் எதோடயும் பேசி வச்சுக்கல.
அந்தச் சொட்டு மொதல்லயே
கோணலா இருந்துச்சு, அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.
இத்தனை தூரம் பிரிந்தபின்
சேதி அனுப்ப ஒளிக்கும் நேரமில்லை.
காரணம் இருந்தால்
சேர்ந்திருந்த அந்த முதல் நொடியில் இருக்கும்.
நொடி என்பதே அதிகம்.

செவ்வாய்க்கிழமை ஜில்லா கோர்ட்டில்
வாய்தா வாங்கி வெளியே வந்தோம்,
நானும் அண்ணன் இளவழுதியும்.
திருமங்கலம் வீட்டுக்காக
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
அவன் பைக் அந்த ஓரம்,
என்னுடையது வேப்பமரத்தடியில்.
கிளம்புமுன் குனிந்து
இடதுகால் பேண்ட்டை மட்டும்
இரண்டு மடிப்பு மடித்தான்.
செயினில் மாட்டாத பக்கம் அது.
மடிக்கத் தேவையே இல்லை.

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு
நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது,
என் கையும் இடது கணுக்காலில் இருந்தது.

அவனும் பார்த்தானா, தெரியவில்லை.
ஹெல்மெட் போட்டிருந்தான்.

யுபிஎஸ் இப்போது இடைவிடாமல் கத்துகிறது.
தொடக்க வடிவத்தைக் கோணலாக்கி
பிசுபிசுப்பைப் பாதியாக்கி
மறுபடி ஓடவிடுகிறேன்.
மிச்சமிருக்கும் நிமிடங்கள் போதாது,
தெரியும்.

இரண்டு சதவீதம்.
"சார்" என்கிறாள் ஃபாஸ்டினா,
"ஓரத்துல லேசா ஏதோ..."

மூன்று.